கசடை யார் எடுப்பது?



சாக்கடையைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நோட்டீஸ் அடித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்த காரணம் புரிகிறது. பின்வரிசை மாணவர்களை யாராவது வற்புறுத்தி அழைத்து வந்திருந்தால், அவர்களை உத்தேசித்து முடிந்தவரை வளவளக்காமல் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1,500 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். ஊருக்கு 82,500 லிட்டர். வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 66,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஐந்தரை லாரி. இன்றைக்கு ஐந்தரை, நாளைக்கும் ஐந்தரை, தீபாவளியன்று இன்னும் கொஞ்சம் கூட. இந்த ஐந்தரை லாரித் தண்ணீர் உங்கள் ஊரில் எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "தெருவோரம் போகிறது". தெருவோரம் முடியும் இடத்தில் என்ன இருக்கிறது? குளம், ஊரணி, கண்மாய், ஓடை, அல்லது அடுத்த ஊர்.

குடம் சுமந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பொதுக்கிணற்றிலிருந்து இடுப்பில் வந்த தண்ணீரை எந்தப் பெண்ணும் வீணாக்கமாட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் கொல்லை வாழைக்குப் போனது. துணி துவைப்பது குளத்தங்கரையில். குளியல் கிணற்றடியில். மற்றது எங்கே நடந்தது என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் பெண்களின் இடுப்பிலும், இருட்டும் வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த அவர்கள் வயிற்றிலும்தான் இருந்தது. குழாய் வந்தது நல்லது. கழிப்பறை வந்தது அதைவிட நல்லது. ஆனால் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவருவதற்கு ஒரு திட்டம், ஒரு நிதி, ஒரு திறப்பு விழா எல்லாம் இருந்தன. அதே தண்ணீர் வெளியே போவதற்கு நெடுங்காலம் ஒன்றுமே இல்லை.

இப்போது கொஞ்சம் இருக்கிறது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை வாழும் ஊருக்குச் சமையல், குளியல் கழிவான சாம்பல் நீரின் மேலாண்மைக்கென்று ஆளுக்கு 280 ரூபாய் வைத்தார்கள். நம் 1,500 பேர் ஊருக்கு 4,20,000 ரூபாய். இது ஒருமுறை தருவது. இந்தத் தொகையில் மோட்டார், மின்சாரம், ஆய்வகம் என்று நகரத்தில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. கட்ட வேண்டிய தேவையும் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டிலிருந்து இரண்டு வகைத் தண்ணீர் வெளியேறுகிறது. சமையல், குளியல், துணி துவைப்பு ஆகியவற்றிலிருந்து வருவது ஒன்று. அதில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் முடியும் இருக்கும். இதைத்தான் சாம்பல் நீர் என்கிறோம். கழிப்பறையிலிருந்து வருவது இன்னொன்று. அளவில் பார்த்தால் முதலாவதுதான் பெரும்பங்கு. நோய்க்கிருமிகளில் பார்த்தால் இரண்டாவதுதான் ஏறக்குறைய எல்லாமும். நகரத்தில் இரண்டையும் ஒரே பாதாளச் சாக்கடையில் விடுகிறார்கள், அங்கே வேறு வழியில்லை. மூன்று மாடி, ஆறு குடும்பம், ஒரு குழாய். கிராமத்தில் கழிப்பறை கொல்லையில் ஒரு மூலையில் இருக்கிறது, சமையலறை இன்னொரு மூலையில். தானாகவே பிரிந்திருக்கும் தண்ணீரைச் செலவு செய்து ஒன்றாகக் கலந்து, அப்புறம் இன்னொரு செலவு செய்து சுத்தம் பண்ணுவானேன்? கிராமத்துக்கு இயற்கையாகக் கிடைத்திருக்கும் இந்த வசதியைப் பாதாளச் சாக்கடை ஆசையில் தொலைத்துவிடக் கூடாது. பாதாளச் சாக்கடை கேட்டு மனு கொடுத்திருக்கும் தலைவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

சாம்பல் நீருக்கு உறிஞ்சுகுழி போதும். நூறு நாள் வேலையில் ஊர் ஊராக வெட்டியிருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். உள்ளே கல், ஜல்லி, அதன்மேல் மூடி. குழியின் சுவரிலும் ஜல்லியின் மேலும் வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன, மீதித் தண்ணீரை மண் வடிகட்டி இழுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெட்டிய குழிகளில் பல, சில மழைக்காலம் தாண்டியதும் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. உள்ளே ஊறாமல் மேலே வழிகிறது, கொசு வருகிறது, "உறிஞ்சுகுழி எல்லாம் ஏமாற்று" என்று வீட்டுக்காரர் மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் குழாயைத் தெருவுக்குத் திருப்பிவிடுகிறார். காரணம் குழியில் இல்லை. குழிக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய சின்னத் தொட்டியில் இருக்கிறது. பருக்கையும் மணலும் பிசுக்கும் அந்தத் தொட்டியில் தங்கிவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அதை அள்ளி எடுத்தால் குழி பல ஆண்டுகள் உழைக்கும். மதிப்பீட்டில் அந்தத் தொட்டி இருக்கும், கட்டும்போது காணாமல் போகும், கட்டிய இடத்திலும் யாரும் மூடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண், சரளை என்றால் தண்ணீர் இறங்கும். கரிசலில் இறங்காது. காவிரிப் படுகையில் பல இடங்களில் மழைக்காலத்தில் ஒரு மீட்டர் தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிறது, அங்கே உறிஞ்சுகுழி வெட்டினால் அது கிணறுதான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். இறங்காத ஊரில் தண்ணீரைக் கொல்லைத் தோட்டத்துக்கு விடலாம். கல்வாழையும் வாழையும் சேம்பும் இந்தத் தண்ணீரில் செழிக்கும் என்பது நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தந்த பாடமில்லை.

சாம்பல் நீரைப் பற்றி இவ்வளவு போதும். கழிப்பறைக்கு வருகிறேன். விவகாரம் அங்கேதான் இருக்கிறது.

2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இயக்கம் ஐந்து ஆண்டுகளில் நாடெங்கும் கிராமங்களில் 10 கோடிக்கு மேல் கழிப்பறைகளைக் கட்டியதாகக் கணக்குச் சொன்னது. அந்த இயக்கம் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தது இரட்டைக் குழிக் கழிப்பறை. பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிப் பரப்பியதும் இதைத்தான். ஐந்து பேர் குடும்பத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள். கான்கிரீட் உறை இறக்கினால் ஆயிற்று. அடியில் பூச்சு கிடையாது, பக்கத்தில் துளைகள் இருக்கும். கழிப்பறைக் குழாய் ஒரு சிறு தொட்டிக்கு வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழியை அடைத்துவிட்டு ஒரு குழியைப் பயன்படுத்துகிறோம். மூன்று ஆண்டு அளவில் அது நிறைந்ததும் அடைப்பை மாற்றி இரண்டாவது குழிக்கு விடுகிறோம். முதல் குழி சும்மா கிடக்கும். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், மலம் மக்கும், கிருமிகள் ஒவ்வொன்றாகச் சாகும். குடற்புழு முட்டைதான் கடைசிவரை பிடிவாதமாக உயிரோடு இருக்கும், அதனால் இரண்டு ஆண்டு விடுவது நல்லது. அதன்பின் திறந்தால் உள்ளே இருப்பது கறுத்த, உதிரியான, வாடையில்லாத மண். மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

இதில் லாரி இல்லை, மோட்டார் இல்லை, கழிவு குழியைவிட்டு வெளியே வருவதே இல்லை. சுத்திகரிப்பு நிலையமே கொல்லையில் இருக்கிறது. குடிநீர்க் கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. நெருக்கமான தெருவில் எல்லா வீட்டிலும் குழி இருந்தால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும் என்ற குறையும் உண்டு. மறைக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான ஊர்களுக்கு, பெரும்பாலான வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

நம் மக்கள் இதை விரும்புகிறார்களா? இல்லை. கையில் காசு சேர்ந்தவுடன் என்ன கட்டுகிறார்கள்? பத்தடிக்கு எட்டடி செப்டிக் டேங்க். "இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்று மேஸ்திரி சொல்கிறார், வீட்டுக்காரர் மகிழ்கிறார். ஒரு மீட்டர் குழியைக் காட்டினால், "இது எங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வரும், சார்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. மூன்று வருடம் என்றதும் முகம் மாறுகிறது. மூன்று வருடம் கழித்து யார் எடுப்பது?

டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இருவர் வட இந்தியக் கிராமங்களில் இதை ஆராய்ந்து 2017-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். மற்ற ஏழை நாடுகளில் எல்லாம் சிறிய குழிக் கழிப்பறையை மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கும்போது இங்கே மட்டும் ஏன் ஏற்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கண்ட விடை சாதி. குழி நிறைந்தால் அதைக் காலி செய்வது குறிப்பிட்ட சாதியாரின் வேலை என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்தச் சாதியார் இப்போது அந்த வேலைக்கு வர மறுக்கிறார்கள், மறுப்பது அவர்கள் உரிமை. தானே எடுப்பது என்பது வீட்டுக்காரருக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆகவே நிறையவே நிறையாத தொட்டியாகக் கட்டுகிறார்கள். ஆராய்ச்சி வடக்கில் நடந்தது, ஆனால் படிக்கும்போது தெற்கில் இருக்கும் எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து முகங்கள் நினைவுக்கு வந்தன. அதில் படித்தவர்கள் அதிகம்.

அதே 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் கங்கதேவிப்பள்ளி என்ற ஊரில் ஒன்று நடந்தது. மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர், பல மாநில அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வீட்டின் மக்கிய குழியில் தானே இறங்கி மண்ணை அள்ளி வெளியே போட்டார். புகைப்படத்துக்காகச் செய்ததுதான். புகைப்படம் எடுக்க வேண்டிய காரியமும்தான். ஓர் அதிகாரியின் கையில் இருந்த அந்த மண்ணைப் பார்த்தால்தான் அது மலம் இல்லை, மண் என்று நம்ப முடிகிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் முதல் குழியைத் தலைவர் திறந்தால் எப்படி இருக்கும்? முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள், பரவாயில்லை.

செப்டிக் டேங்க் என்ன செய்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது கழிவைச் சுத்தமாக்கிவிடுகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 1860 வாக்கில் பிரான்ஸில் வெசூல் என்ற ஊரில் லூயி மூரா என்பவர் தம் வீட்டுக்கு மூடிய தொட்டி ஒன்று கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த அளவுக்கு உள்ளே கெட்டிப் பொருள் இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், மாவு புளிப்பது போல உள்ளே ஓசையில்லாமல் வேலை செய்து, திடப்பொருளில் ஒரு பகுதியைத் தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிட்டிருந்தன. இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரன் 1890-களில் அதைப் பெரிதாக்கி, செப்டிக் டேங்க் என்று பெயரும் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதன் வேலை அவ்வளவுதான். கனமானது அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீரில் அழுக்கு அதிகம் போனால் பாதி குறைந்திருக்கும். கிருமிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சுகுழிக்கோ ஜல்லி வடிகட்டிக்கோ அனுப்ப வேண்டும் என்பது விதி. நம் ஊர்களில் அது தெருச் சாக்கடையில் விழுகிறது. பல வீடுகளில் விதிக்கு நேர்மாறாக அடிப்பூச்சே இல்லாமல் கட்டி, டேங்க் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அது ஒற்றைக் குழி, பெரிய குழி, ஆழத்தில் நிலத்தடி நீரைத் தொடும் குழி.

அடியில் தங்கியது தங்கிக்கொண்டே இருக்கும். அதுதான் கசடு. ஆளுக்கு ஆண்டுக்கு முப்பது, நாற்பது லிட்டர் சேரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். நம் ஊரில் 300 வீடுகளில் செப்டிக் டேங்க் இருந்து, எல்லாரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக எடுத்தால் ஆண்டுக்கு 100 லாரி. வாரத்துக்கு இரண்டு. அந்த இரண்டு லாரிகள் எங்கே கொட்டுகின்றன? எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் இரவில், ஏரிக்கரைப் பக்கம், அல்லது நெடுஞ்சாலைப் பாலத்தடியில். லாரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. இங்கே கொட்டு என்று சட்டப்படி ஓர் இடத்தைக் காட்டாமல் அவரைப் பிடித்து அபராதம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லாரி நுழைய முடியாத சந்தில் ஆளை இறக்குகிறார்கள். இதை அழகான சொற்களில் சொல்ல எனக்கு வராது. மூடிய தொட்டியில் ஆக்ஸிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கின் நுகரும் சக்தியையே கொன்றுவிடும். வாடை இல்லை என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது அதன்படி குற்றம். இறக்கியது அலுவலகமாக இருந்தாலும் சரி, வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று தீர்ப்பளித்தது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. பெஜவாடா வில்சன் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றவை இவை. தொகை உயர்ந்துகொண்டு போகிறது. இறங்குவது நிற்கவில்லை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், ஊர்ப் பொதுவில் ஒரு சுத்திகரிப்பு முறையைத் தேர்வு செய்யும்போதும் "யார் எடுப்பது?" என்ற இதே கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை விழுக்காடு அழுக்கை நீக்கும் என்ற கேள்வியைக் கம்பெனிக்காரர் கேட்காமலே சொல்லிவிடுவார். அதில் சேரும் கசடை யார் எடுப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தக் கணக்கிலிருந்து காசு, எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இதற்குப் பதில் இல்லாத திட்டம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் வேண்டாம்.

மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் கண்டுபிடித்த முறைதான் இன்று உலக நகரங்கள் பலவற்றில் ஓடுகிறது. கழிவுநீருக்குள் இடைவிடாமல் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பது. அருமையான முறை. காற்று நின்றால் அந்த உயிர்கள் மூச்சுமுட்டிச் சாகும். தெருவிளக்கு மின்கட்டணத்தையே பாக்கி வைக்கும் ஊராட்சிக்கு இது சரிப்படாது. மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை.

சூரியனை நம்பலாம். ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டைகள் வெட்டி, கழிவுநீரை மெதுவாக நகரவிட்டால் போதும். முதல் குட்டை ஆழமானது, கசடு அதில் தங்கும். இரண்டாவது ஒன்றரை மீட்டர் அளவு ஆழம். அதில் பாசி வெயிலை உண்டு ஆக்ஸிஜனை வெளியிடும். பாக்டீரியா அந்த ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு அழுக்கைத் தின்று, பாசிக்கு வேண்டிய கரியமில வாயுவைத் திருப்பித்தரும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மின்கட்டணம் கிடையாது. கடைசிக் குட்டை ஆழம் குறைந்தது, வெயில் அடிவரை இறங்கிக் கிருமிகளைக் கொல்லும். கொல்கத்தாவின் கிழக்கே மீன் வளர்ப்பவர்கள் நகரத்துச் சாக்கடையை இப்படித்தான் மீனாக்கி வருகிறார்கள். துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் அந்த மீனவர்களிடம் பாடம் படித்து, உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். குட்டைகளுக்கு இடம் நிறைய வேண்டும் என்பதுதான் குறை. வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

நாணல் படுகையும் உண்டு. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மையார் 1950-களில் கோரைச் செடிகள் அழுக்கு நீரைத் தெளிவாக்குவதை ஆராய்ந்தபோது பொறியாளர்கள் சிரித்தார்களாம். 1974-இல் ஓத்ஃபிரெசன் என்ற சிற்றூரில் பெரிய அளவில் முதல் வேர்ப் படுகை அமைந்தது. இன்று ஐரோப்பியச் சிற்றூர்களில் இது சர்வசாதாரணம். வேர்கள் ஆக்ஸிஜனைக் கொட்டிக் கொடுத்துச் சுத்தம் செய்கின்றன என்று ஆரம்பத்தில் சொன்னது கொஞ்சம் மிகை, பெரும்பாலான வேலையை ஜல்லியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவே செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. செடி அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. அங்கே ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் கணக்கு. நம் வெப்பத்துக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 1,500 பேருக்கு 37 சென்ட் வேண்டும். புறம்போக்கில் 37 சென்ட் ஆக்கிரமிப்பு இல்லாமல் கிடைத்தால் பாக்கியம். கிடைத்தாலும், முன்னால் கசடு தங்க ஒரு தொட்டி இல்லாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். மறுபடியும் அதே கேள்வி.

பஞ்சாபில் ஜலந்தர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்ட சீச்செவால் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் 160 கிலோமீட்டர் ஓடும் காலி பேய்ன் என்ற சிற்றாறு. குரு நானக் ஞானம் பெற்றது அதன் கரையில் என்பது சீக்கியர் நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அது ஊர்களின் சாக்கடையாகிக் கிடந்தது. 2000-ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்செவால் என்ற துறவி, அரசாங்கத்துக்குக் காத்திராமல், தொண்டர்களோடு ஆற்றில் இறங்கி ஆகாயத்தாமரையையும் சேற்றையும் அள்ளத் தொடங்கினார். அள்ளினால் மட்டும் போதாது, மேலிருந்து சாக்கடை வந்துகொண்டே இருக்கிறது என்பது தெரிந்ததும், ஊர்க் கழிவுநீரைப் புதைகுழாயில் ஊருக்கு வெளியே கொண்டுபோய், கிணறு போன்ற தொட்டிகளில் மணலையும் எண்ணெயையும் பிரித்து, குட்டையில் தேக்கி, அங்கிருந்து வயலுக்கு இறைக்க ஏற்பாடு செய்தார். நம் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2006-இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பல மேடைகளில் அதைப் பற்றிப் பேசினார். 2017-இல் துறவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பொறியியலாகப் பார்த்தால் சீச்செவால் முறையில் புதுமை எதுவும் இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். புதுமை சேற்றில் இறங்கிய ஆட்களில் இருக்கிறது. சீக்கியர்களிடையே கார் சேவை என்று ஒன்று உண்டு. கோயில் குளத்தைத் தூர்வாருவது, பாத்திரம் தேய்ப்பது, வருபவர்களின் செருப்பைத் துடைத்து வைப்பது எல்லாம் அங்கே புண்ணியம். நிலம் வைத்திருப்பவரும் வெளிநாட்டில் சம்பாதிப்பவரும் வரிசையில் நின்று செய்வார்கள். அந்தப் பழக்கத்தை அந்தத் துறவி சாக்கடையின் பக்கம் திருப்பிவிட்டார். நம்மிடமும் உழவாரப் பணி இருக்கிறது. கோயில் மதில்மேல் முளைத்த செடியைப் பிடுங்க நூறு பேர் வருகிறார்கள். கோயிலுக்கு வெளியே ஓடும் வாய்க்காலுக்கு வருவார்களா? வந்தால் குட்டை முறை நம் ஊரிலும் நிலைக்கும். வரமாட்டார்கள் என்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்து, கருவி கொடுத்து, அந்தச் செலவை ஆண்டு வரவு செலவில் எழுத வேண்டும். இரண்டும் இல்லாமல் குட்டை மட்டும் வெட்டினால் மூன்றாம் ஆண்டு அது கொசுப் பண்ணை.

நம் மாநிலத்தில் முசிறியை விட்டுவிட முடியாது. காவிரிக்கரையில் கிணற்று நீர்மட்டம் மிக மேலே இருக்கும் அந்தப் பகுதியில் குழிக் கழிப்பறை ஒத்துவராது. ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த சுப்புராமன், மலத்தையும் சிறுநீரையும் கழுவும் நீரையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறையை அங்கே கொண்டுவந்தார். மலத்தின் மேல் சாம்பல் தூவி உலரவிட வேண்டும், தண்ணீர் அதில் படக் கூடாது. நம் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது, ஆக அது யூரியா மூட்டைக்குச் சமானம்; அதை வாழைக்கு விட்டுப் பார்த்தார்கள். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவருக்குச் சில்லறைக் காசு கொடுத்த கதையும் அங்கேதான் நடந்தது. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முறை நாடெங்கும் பரவவில்லை. தினமும் சாம்பல் தேட வேண்டும், விருந்தாளிக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? ஆனால் நீர்மட்டம் மேலே இருக்கும் இடங்களுக்கு இன்னும் இது நல்ல விடைதான்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்ட செப்டிக் டேங்குகளை இடிக்கச் சொல்ல முடியாது. அவற்றின் கசடுக்கு இடம் வேண்டும். கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்று தொடங்கியது. நம்மிடம் கருங்குழியில் இருக்கிறது, மதுராந்தகத்துக் கசடும் அங்கே வருகிறது. லாரி வந்து கொட்டும், மணல் படுகையில் கசடு பரவும், தண்ணீர் கீழே வடியும், மேலே இருப்பது வெயிலில் காய்ந்து வெடிக்கும், அதை வழித்து எடுத்துக் கிருமி சாகும் வரை கிடத்தி வைப்பார்கள். வடிந்த தண்ணீரைத் தனியே சுத்தம் செய்வார்கள். 1,500 பேர் ஊர் ஒன்று தனக்கென்று இதைக் கட்ட வேண்டியதில்லை. லாரி போய்வரும் தூரத்தில் இருபது முப்பது ஊராட்சிகள் சேர்ந்தால் ஒன்று போதும். செப்டிக் கழிவு மேலாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, உள்ளாட்சிகளைத் தொகுப்பாகச் சேர்த்து அருகில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கசடை அனுப்பச் சொன்னது. பக்கத்து நகராட்சியில் நிலையம் இருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கலாம். கேட்பதற்குக் காசு ஆகாது.

உங்களில் ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "இதையெல்லாம் நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?" கிராம சபையில் சொல்லுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு சபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றும் ஒன்று உண்டு. அன்று குடிநீரைப் பற்றித்தான் பேசுவார்கள். அது முடிந்ததும் எழுந்து நின்று ஒரு பட்டியல் கேளுங்கள். ஊரில் எத்தனை வீட்டில் இரட்டைக் குழி, எத்தனை வீட்டில் செப்டிக் டேங்க், ஒவ்வொன்றும் கடைசியாக எந்த ஆண்டு திறக்கப்பட்டது, எடுத்த லாரியின் பதிவெண் என்ன, எங்கே கொட்டியது. பட்டியல் இருக்காது. இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேர் தெருவுக்கு ஒரு நாள் ஒதுக்கி வீடு வீடாகப் போனால், அடுத்த சபை மே 1, அதற்குள் பட்டியல் தயாராகிவிடும்.